கன்லிசாயின் பூஜ்யம்

கேசோன் நகர்
ஏப்ரல் 22

சலோமேக்கு,

நீ தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. பேசினால் என் குரல் உயரும். எழுதினால் உயராது.

அடக்கம் முடிந்த கையோடு ஒரு வார்த்தையும் சொல்லாமல் படகேறிவிட்டேன் என்று குறுஞ்செய்தியில் குறைப்பட்டிருக்கிறாய். அப்பாவின் சவப்பெட்டியை எம்.பி. லராசோவின் முகம் அச்சடித்த பந்தலின் கீழ் வைத்திருந்தாய். வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளின் முதுகிலும் அவர் பெயர். துக்க வீட்டில் விடிய விடியச் சீட்டாடுவது நம் வழக்கம், அதைச் சொல்லவில்லை. புதன்கிழமை புதைக்க வேண்டிய உடலை ஞாயிறுவரை வைத்திருந்தாயே, அது எந்த உறவினரின் வரவுக்காக?

அவர் வந்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "வாத்தியார் தங்கமான மனுசன். ஆனா ஒவ்வொரு தேர்தல்லயும் கன்லிசாய்ல எனக்கு எதிரா ஒரே ஒரு ஓட்டு விழும். யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். இந்தத் தடவை சுத்தமா பூஜ்யம்தானே, கேப்டன்?" என்றார். சிரித்தார்கள். ஊர்த் தலைவியான நீ, "ஆமாங்க சார்" என்று சொல்லிக் காப்பி ஊற்றினாய்.

சென்ற ஆண்டு அப்பா படுத்தபோது, அவர் வற்புறுத்தியதால் என் பெயரை மறுபடி கன்லிசாய் வாக்காளர் பட்டியலில் சேர்த்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். மே 12 அன்று நான் ஊருக்கு வருகிறேன். லராசோவை எதிர்த்து நிற்கும் திவினா அகோஸ்தாவுக்கு வாக்களிப்பேன். அவள் என் மாணவி என்பதற்காக அல்ல. பூஜ்யம் என்ற அந்தச் சொல்லுக்காக.

லியாந்திரோ

*

கன்லிசாய்
ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மீன் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு பிரித்தேன். ஓரம் நனைந்துவிட்டது. நல்லதுதான், சில வரிகளை மறுபடி படிக்க வேண்டியதில்லை.

நகரசபையில் கேட்டாலும் அதே பந்தல்தான் கிடைக்கும் அண்ணா. இந்தத் தொகுதியில் முகம் இல்லாத பந்தல் ஒன்றை நீ காட்டு, அடுத்த சாவுக்கு அதையே கட்டுகிறேன். உடலை ஞாயிறுவரை வைத்திருந்தது எம்.பி.க்காகத்தான். மறைக்கவில்லை. அவருடைய ஆள் வந்து, "சார் வர்றதுக்குள்ள மண்ணு போட்டுட்டீங்கன்னா அவரு மனசு சங்கடப்படும் கேப்டன்" என்றான். அவர் மனம் சங்கடப்பட்டால் என்ன ஆகும் என்பது மணிலாப் பக்கம் இருக்கிற உனக்குத் தெரியாது, இங்கே தெரியும்.

உன் மச்சான் கிறிஸ்புலோவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மாதா மாதம் எம்.பி. அலுவலகத்திலிருந்து, செலவை ஏற்கிறோம் என்று உத்தரவாதக் கடிதம் வந்தால்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை. கடிதம் இல்லாத மாதம் அங்கே வாசல்வரைதான். பக்கத்து வீட்டு மேரிலுவின் மாமனார் அப்படித்தான் போனார். அவர் இருந்த ஊரில் எதிர்த்தரப்புக்கு நாற்பது ஓட்டு விழுந்த வருடம் அது.

எண்ணி முடித்ததும் பள்ளிக்கூடக் கதவில் ஓட்டுக் கணக்குத் தாளை ஒட்டிவிடுவார்கள். யார் போட்டது என்று அதில் இருக்காது. ஆனால் அகோஸ்தாவுக்கு ஒன்று என்று இருந்தால், அது நீ என்று குழந்தைக்கும் தெரியும். பூஜ்யம் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

நேற்று கிறிஸ்புலோவிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். "வரட்டும். மச்சானுக்குப் புளிச்ச மாங்கா பிடிக்கும், பறிச்சு வை" என்றார். அவ்வளவுதான். கால் வீக்கம் வடியவில்லை. வராதே அண்ணா. வந்து சாப்பிட்டுவிட்டு, ஓட்டுப் போடாமல் போவதானால் வா.

உன் சலோமே

*

கேசோன் நகர்
மே 3

சலோமேக்கு,

வருகிறேன். மாங்காய் வேண்டாம்.

கிறிஸ்புலோவின் சிகிச்சை அவருடைய உரிமை. அதற்கான பணம் லராசோவின் பாட்டன் சொத்தல்ல. நோயாளியைப் பணயமாக வைத்து ஓட்டுக் கேட்பவனை நீ 'சார்' என்கிறாய். அப்பா அவனை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. அவர் ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு எதையும் வெல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதவில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு முறையும் ஓர் ஒன்று இருந்தது. அவர் மண் ஈரம் காய்வதற்குள் அதை அழித்துத் தர நீ ஒப்புக்கொண்டாய்.

அடுத்த மாதக் கடிதம் வராவிட்டால் எனக்கு எழுது. என் சம்பளத்தில் முடிந்ததைச் செய்வேன். அது எத்தனை மாதத்துக்குக் காணும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது.

லியாந்திரோ

*

கன்லிசாய்
மே 16

என் அண்ணாவுக்கு,

நீ வந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வராமல், விரல் மையோடு நேரே படகுத்துறைக்குப் போனதையும் பார்த்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடக் கதவில் தாள் ஒட்டியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மேரிலு படித்துச் சொன்னாள்: "அகோஸ்தாவுக்குப் பூஜ்யம். என்னடி கேப்டன், ஒங்கண்ணன் பேனாவுல மை தீந்துபோச்சா?"

என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அண்ணா, நம் கிரகத்தைப் பார். நம் ஊரில் பூஜ்யம் வாங்கிய திவினாதான் தொகுதி முழுக்க எண்ணியபோது ஜெயித்தாள். தெற்குக் கரை ஊர்கள் எல்லாம் கைவிட்டதில் லராசோ தோற்றுப்போனார். மறுநாளே அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதக் கடிதம் கேட்டு ஜன்னலைத் தட்டினேன். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன், "இனிமே அந்தம்மாகிட்ட போங்க. எங்க கையெழுத்து இப்ப தீப்பெட்டிக்கும் செல்லாது" என்றான்.

அந்தம்மாவிடம் போனேன். அவளுடைய ஆள் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறான். ஊர் ஊராகப் பச்சை, மஞ்சள். நம் ஊர் மட்டும் வெள்ளை. "கன்லிசாயா? ஒத்த ஓட்டு இல்லாத ஊராச்சே! நீங்க எந்த மொகத்தோட வந்தீங்க, கேப்டன்?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தேநீர் தந்தான்.

நீ அவளுக்குப் பாடம் சொன்னவன். ஒரு வார்த்தை சொல்லேன்.

சலோமே

*

கன்லிசாய்
ஜூன் 11

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ அனுப்பிய பணத்தில் வாரம் ஒருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டாவது முறைக்குப் பதில் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். நேற்று இரண்டு படி ஏறி உட்கார்ந்துவிட்டார். "நான் ஒண்ணும் அவசரப்படல. நீ போயி கோழிக்குத் தீனி போடு" என்றார்.

கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். அவர்மேல் வேண்டாம்.

சலோமே

*

கேசோன் நகர்
ஜூலை 3

சலோமேக்கு,

இத்துடன் இருப்பது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கான உத்தரவாதக் கடிதம். வாரம் இரண்டு முறை. வரும் திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடு. மேலே திவினாவின் படம் இருக்கிறது. அதைக் கிழிக்க வேண்டாம், கிழிந்தால் செல்லாது என்றார்கள்.

நீ கேட்காமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். தேர்தலன்று வரிசையில் எனக்கு முன்னால் கிறிஸ்புலோ நின்றிருந்தார். கையில் ஊசி குத்திக் குத்திக் கயிறுபோல் புடைத்த நரம்பு. அவர் எதுவும் கேட்கவில்லை. வெயில் ஏறியதும் குடையை மட்டும் என் பக்கம் சாய்த்தார். உள்ளே போய் நான் வாக்குச்சீட்டில் லராசோவின் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினேன், கோடு வெளியே போகாமல்.

திவினாவின் அலுவலகத்தில் இரண்டு வாரம் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் அவளே கேட்டாள்: "சார், நீங்க வந்து ஓட்டுப் போட்டத எங்க ஆளு பாத்திருக்கான். அப்புறம் எப்படி சார் பூஜ்யம்? மெஷின்ல தில்லுமுல்லுன்னு கேஸே எழுதி வச்சிருக்கேன்."

"மெஷின் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது" என்றேன்.

அந்தக் கேஸ் தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "சரி, அத விடுங்க சார். ஒங்க மச்சான் பேரு என்ன?" என்று கேட்டு அங்கேயே கையெழுத்திட்டாள். வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து மக்களாட்சி பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்ட அதே பெண். கெட்டவள் அல்ல. அதனால்தான் எனக்கு அவள்மேல் கோபப்படவும் இயலவில்லை.

நான் எழுந்தபோது சொன்னாள்: "அடுத்த தேர்தலுக்கு மூணு வருசம்தான் சார். லராசோ மறுபடி நிப்பாரு. கன்லிசாய்ல அவருக்கு எவ்வளவு விழும்னு நான் எதிர்பார்க்கலாம்?"

நான் உன் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறேன், சலோமே. பூஜ்யம் என்ற அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன். 'மேடம்' என்றும் சொன்னேன்.

நீ காப்பி ஊற்றியதைப் பற்றி நான் எழுதியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கு வழியில்லை, எழுத்து அப்படிப்பட்டது. இனி அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். வேறு எதைப் பற்றிப் பேசுவது என்றும் தெரியவில்லை. கடிதம் புதுப்பிக்க வேண்டியபோது தேதியை மட்டும் எழுதி அனுப்பு, போதும்.

இன்று காலை தேர்தல் அலுவலகத்துக்குப் போய், என் பெயரைக் கன்லிசாய்ப் பட்டியலிலிருந்து இந்த நகரத்துக்கு மாற்றும்படி மனுக் கொடுத்தேன். காரணம் என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. குடிபெயர்வு என்று எழுதினேன். இனி உன் ஊரில், நீ கொடுக்கிற வாக்கைப் பொய்யாக்க நம் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

உன் அண்ணன்
லியாந்திரோ