நீ சுற்றிக் காட்டிய கான்பெரா

அஸ்தினாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரூபனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம்.

தினமும் வீடியோவில் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, இப்போது காகிதத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸப்பில் எழுதினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அடுத்த தெரு சத்யநாராயணன் சார் மகள் சத்யபிரியா அங்கேதானே படிக்கிறாள், லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாள். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு வைத்திருக்கிறேன். கருவாடு கேட்டாய். அதை உங்கள் ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு அந்தப் பெண்ணை நிற்க வைப்பார்கள், உன் நாக்குக்காக அவள் ஏன் மாட்ட வேண்டும்? பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரத்தை அப்பா இன்னும் கழற்றவில்லை, உன் கல்யாணம் முடிந்து கழற்றிக்கொள்ளலாமாம். பூக்காரக் கங்கம்மா நேற்று என்னை நிறுத்தி, இன்னாக்கா, புள்ளைக்குக் கல்யாணமாமே, ஊரே சொல்லிகினு கீது, எங்கைல ஒரு வார்த்தை சொல்லல என்று சண்டைக்கு வந்தாள். எல்லாம் உங்கப்பா உபயம்.

நாங்கள் உன்னிடம் வந்து தங்கித் திரும்பியதிலிருந்து அவருக்கு முழுநேர வேலையே உன் ஊர்ப் புகழ் பாடுவதுதான். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் மிஷின் சத்தத்துக்குள்ளேயே ஆயுசைக் கழித்த மனிதர், இவ்வளவு பேசுவார் என்று எனக்கே தெரியாது. தலைநகரம் என்றால் டெல்லி மாதிரி நெரிசலாக இருக்கும் என்று பார்த்தால், அந்த ஆட்கள் தோட்டம் போட்டுவிட்டு நடுவில் ஊரை வைத்திருக்கிறார்கள் என்கிறார். பாராளுமன்றத்தின் கூரையில் புல் வளர்த்திருப்பதையும், அதன்மேல் நின்று பார்த்தால் ஏரியும் மலையும் மரமும்தான் தெரியும், கட்டடத்தைத் தேட வேண்டும் என்பதையும் தண்ணீர் கேன் போடுகிற பையன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. மியூசியத்தில் ஒரு பந்தயக் குதிரையின் இருதயத்தை ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதை எதிரில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் விடுவதில்லை.

கடைசியில் அந்த போட்டோ வரும். ஏரிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்த கண்ணாடிக் கட்டடம். இதுதான் எங்க ரூபன் ஆபீஸ் என்று இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டுவார். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்று நீ சொன்னாயே, அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார். அந்த போட்டோவைப் பார்த்துத்தான் அப்பாதுரை அண்ணன் தன் மகள் ஜெனிதாவை உனக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். திருமுடிவாக்கத்தில் பட்டறை நடத்துகிறவர், ஒரு இரும்புத் தகடு வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். மாப்பிள்ளையை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

எனக்கும் அந்த ஊர் பிடித்திருந்தது ரூபன். ஆகஸ்ட் குளிரில் பல் தந்தியடித்தாலும், நம் கருவேலம்பூ மாதிரி மஞ்சளாக மரமெல்லாம் பூத்திருந்ததை மறக்க முடியாது. அந்தத் தாவரத் தோட்டத்தில், பள்ளத்துக்குள் மரம் உயரத்துக்குப் பெரணிச் செடி நிற்க, மேலேயிருந்து தண்ணீரைப் புகையாகத் தூவிக்கொண்டிருந்தார்களே, அங்கே நீ என் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டாய். அப்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. குளிர் என்று நினைத்திருப்பாய்.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, அந்தத் தோட்டத்தில் எந்த பெஞ்சில் எந்த நேரம் வெயில் விழும் என்று எப்படித் தெரியும்? எந்தக் கழிப்பறைக் குழாயில் சுடுதண்ணீர் வரும், எந்த மியூசியத்தில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், எந்த லைப்ரரியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. அப்பா, பையன் ஊரையே கரைத்துக் குடித்துவிட்டான் என்று பூரித்துப்போனார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் டிக்கெட் கிழித்தே கிழவியானவள் நான். புது ஆளைப் பார்க்கிற பார்வை வேறு, சீசன் டிக்கெட்காரரைப் பார்க்கிற பார்வை வேறு. அந்த மியூசியத்தில் வாசலில் நின்ற வெள்ளைத் தாடிக்காரக் காவலாளி உன்னைப் பார்த்தது சீசன் டிக்கெட் பார்வை. நீ காபி வாங்கப் போயிருந்தாய். அப்பா குதிரை இருதயத்தைவிட்டு நகரவில்லை. அந்த மனிதர் என்னிடம் வந்து, நீங்கள் அவனுடைய அம்மாவா என்று மரியாதையாகக் கேட்டார். உங்கள் மகன் நாங்கள் கதவு திறந்ததும் வந்துவிடுவான், ஏரியைப் பார்த்த ஜன்னலோரம்தான் அவன் இடம், லேப்டாப்பை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு எழுதிப் போடுகிறான், நல்ல பையன், சீக்கிரம் ஒரு வேலை கிடைத்துவிடும் என்றார். என் ஆங்கிலம் டிக்கெட் கவுன்ட்டர் ஆங்கிலம்தான். ஆனாலும் அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.

நீ காபியோடு வந்தாய். சர்க்கரை போதுமா என்று கேட்டாய். போதும் என்றேன்.

அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்பாய். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். உன் அறைக் கதவுக்குப் பின்னால் அந்தச் சதுரப் பையைப் பார்த்தபோதும் பேசாமல் இருந்தேன். நம் ஊரில் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள் முதுகில் மாட்டியிருக்கிற பை எனக்குத் தெரியாதா? நண்பனுடையது என்றாய். எங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு, ஆபீஸ் மீட்டிங் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். உழைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதைக் கேவலமாக நினைக்கிறவளும் நான் இல்லை. கிளம்புகிற அன்று சிட்னி ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லையே, இப்போது சொல்லிவிடுவான் என்றுதான் நானும் அசையாமல் நின்றேன். அப்பா, நேரமாச்சு என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகுதான் இந்தச் சம்பந்தம் வந்தது. நாற்பது நாள் லெந்து உபவாசம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். ஈஸ்டர் போகட்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஒனக்கு எப்பவும் எல்லாத்துலயும் ஒரு நொட்டை என்று என் வாயை அடைத்துவிட்டார். நீயாவது மறுப்பாய் என்று வீடியோவில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ, உங்க இஷ்டம்ப்பா என்றாய். அந்த ஒரு வார்த்தையால் எவ்வளவு வேலை நடந்துவிட்டது பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை வாசித்தார்கள். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் அது அம்மா காதில் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். பாஸ்டர் ஐயா, டேனியல் மகன் ரூபன் என்று உன் பெயரைப் படித்தார், அப்பாதுரை மகள் ஜெனிதா என்று அவள் பெயரைப் படித்தார். இந்த இருவரும் விவாகத்தில் சேர்வதற்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடமும் வலமும் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயில் முழுக்கத் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்து, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை இருக்கிறது. நாளைக்கு மிச்சத்தை எழுதுகிறேன். அடுப்பில் சோறு.

புதன்கிழமை.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்துக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உன்னை நோகடிக்கிறேனோ என்று இருந்தது. ஆனால் இன்று சாயங்காலம் ஜெனிதா வந்தாள்.

குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி லேபில் வேலை முடித்து, அந்த உடுப்போடு அப்படியே வந்துவிட்டாள். ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தை என்றாள். அங்கே குளிருக்கு எந்த மாதிரிக் கோட்டு எடுக்கணும், இங்கே தி.நகரில் வாங்கினால் தாங்குமா என்று கேட்டாள். அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டாள், நீ அனுப்பிய பெரணி போட்டோவைத் தன் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். நன்றாகச் சிரிக்கிற பெண் ரூபன். சிரித்துக்கொண்டே, திங்கட்கிழமை வேலையை ராஜினாமா பண்ணி எழுதிக் கொடுக்கப் போறேன் அத்தை, ஒரு மாசம் முன்னால சொல்லணும், அப்பதான் கல்யாணத்துக்குச் சரியா இருக்கும் என்றாள். அந்த வேலைக்காக அவள் எவ்வளவு படித்திருக்கிறாள், எத்தனை ராத்திரி டியூட்டி பார்த்திருக்கிறாள் என்பதெல்லாம் அவள் அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

என்னை அறியாமல், அவசரப்படாதம்மா, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டேன். அவள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். ஏன் அத்தை என்று கேட்டாள். விசா கிசா எப்படியோ என்று உளறினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதாச்சும் இருந்தா எங்கிட்ட சொல்லிடுங்க அத்தை, எதுவா இருந்தாலும் பரவால்ல, தெரியாம மட்டும் இருக்க வேணாம் என்று மெதுவாகச் சொன்னாள். நான் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவள் போன பிறகு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் வேலையை விட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் தாலி கட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் வந்து இறங்கி, கதவுக்குப் பின்னால் அந்தப் பையைப் பார்க்க வேண்டுமா? வேலை போனது உன் குற்றம் இல்லை. யாருக்குத்தான் போகவில்லை. அதை அவளுக்குத் தெரியாமல் அவள் தலையில் கட்டுவது உன் குற்றமாகிவிடும், தெரிந்தே சும்மா இருந்தால் என் குற்றமும்தான். ஒருவேளை உண்மையைச் சொன்னால் அவளே, பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்பாளோ என்னவோ. வேண்டாம் என்றாலும் அது அவள் உரிமை. அவளைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தோடு கோயில் பெருக்கப் போகிறேன் என்று சொல்லி, வேண்டுமென்றே வெளியே போய்விடுவேன். வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார், போன் அவர் பக்கத்தில் இருக்கும். அப்போது கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே. அப்பா, எனக்கு வேலை இல்லை, சொல்லப் பயந்தேன் என்று சொன்னால் போதும். கத்துவார். போனை வைத்துவிடுவார். பிறகு அவரே திரும்பக் கூப்பிடுவார், எனக்கு அவரைத் தெரியும். அந்த போட்டோவை ஊரெல்லாம் காட்டியாயிற்றே என்று நீ அவருக்காகப் பயப்படுகிறாய். அவர் மானத்தை அவர் பார்த்துக்கொள்வார், அதற்காக நீ அங்கே உட்கார்ந்து உருக வேண்டாம்.

நீ சொல்லவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசிக்கும்போது நான் எழுந்து நிற்பேன் ரூபன். மிரட்டுவதற்காக எழுதவில்லை. பெற்றவளே பிள்ளையின் ஓலைக்குத் தடை சொன்னாள் என்று தாம்பரம் வரைக்கும் பேசுவார்கள், பேசட்டும். அப்பா எத்தனை நாள் என்னோடு பேசமாட்டாரோ தெரியாது. அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்த ஏரியோரம் இருட்டின பிறகு தனியாகப் போய் உட்காராதே. ஏன் என்று கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. சத்யபிரியாவிடம் முறுக்கில் பாதியைக் கொடு. வேலை கிடைக்கிறதோ இல்லையோ, ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் கிளம்பி வா. கர்த்தர் உன் கையை விடமாட்டார், நானும் விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் உன்னைக் கூப்பிடுவேன். உனக்கு என்மேல் என்ன கோபம் இருந்தாலும் சரி, கல்யாணம் நின்றாலும் சரி, போனை எடு. பேசக்கூட வேண்டாம். நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

உன் அம்மா,
ரத்தினபாய்.