அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு வகுப்பு

இன்று காலை உம்முடைய மகளிடமிருந்து ஒரு பொதி வந்தது. கடையைத் திறந்து, வெங்காய மூட்டையை வாசலுக்கு இழுத்து வைத்துவிட்டு, கத்தியால் பொதியைக் கீறினேன். உள்ளே அரிசி. கறுப்பாக, ஊசி போல நீளமாக, விறகுப் புகையும் குளத்துத் தண்ணீரும் கலந்த மணத்தோடு. கனடாவில் ஏரிகளில் தானாக விளைவதாம். வள்ளத்தில் போய்த் தட்டி எடுத்து, நெருப்பில் வறுப்பார்களாம். அரிசி விற்றே தலை நரைத்தவன் நான். இப்படி ஒரு அரிசியை முகர்ந்ததில்லை. கையில் அள்ளியதும் என்ன விலை சொல்லலாம் என்றுதான் மனம் முதலில் ஓடியது. அதைத் தெரிந்தவள் போலப் பொதியின் மேலேயே எழுதியிருந்தாள்: "மாமா, இது விக்கிறதுக்கு இல்லை. காய்ச்சிச் சாப்பிடுங்கோ."

அந்த மணத்தோடு பின்னறைக்குள் போனேன். நீர் கணினியை வைத்துப் படித்த இடத்தில் இப்போது பருப்பு மூட்டைகள். அவற்றின் மேல் உட்கார்ந்துதான் இதை உமக்கு எழுதுகிறேன்.

நீர் முதன்முதலாக அந்தப் பாஷையின் பெயரைச் சொன்ன பின்னேரம் நினைவிருக்கிறதா? பலேர்மோவின் பல்லரோச் சந்தை கூவி ஓய்ந்து, மீன்காரர் ஐஸைத் தெருவில் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்த நேரம். லிபெர்த்தாத் தெருவில் நீர் பராமரித்துக்கொண்டிருந்த முதிய சிஞ்ஞோரா மத்தியானத்தில் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழும்புவார். அந்த இடைவெளியில் வந்து நின்று, என்னுடைய இன்டர்நெட் வேண்டும் என்றீர். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொடக்க வகுப்பு, வீட்டிலிருந்தே படிக்கலாம், அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே நாலு மணி. என்ன படிப்பு என்று கேட்டேன். "அனிஷினாபேமோவின்," என்றீர்.

அந்தப் பெயரை எனக்குத் திருப்பிச் சொல்லவே வரவில்லை. "அதைப் படிச்சு என்ன யாவாரம் பண்ணப் போறீர், ஐசே?" என்றேன்.

"என்ரை மருமகன்ரை தாய் கதைக்கிற பாஷை."

"அவ இங்கிலீஷ் கதைக்கமாட்டாவோ?"

"கதைப்பா. நான் அவவைக் கேட்ட கேள்வியும் இங்கிலீஷிலைதான். அதுக்கு மன்னிப்பை எண்டாலும் அவையின்ரை பாஷையிலை கேப்பம்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். பலேர்மோவில் பிறந்து, கனடாவுக்குப் படிக்கப் போன மகள், அந்த மண்ணின் ஆதிக்குடிப் பையன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்றபோது, நீர் தொலைபேசியில் அவனுடைய தாயிடமே கேட்டுவிட்டீர்: நீங்கள் என்ன ஆட்கள்? மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு உமக்கு அழைப்பில்லை. பிறகு நீர் அழைத்தாலும் அவள் எடுக்கவில்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதையே கோயிலில் வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தீர். சம்பந்தியிடம் அவருடைய பாஷையில் நாலு வார்த்தை பேசினால் மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று நம்பினீர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் சாவியைத் தந்தேன்.

நீர் படித்ததைவிட அதிகமாக நான் கேட்டிருப்பேன். கதவு திறந்தே கிடக்கும். நான் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வரும். ஒரு சொல் தொடங்கினால் துறைமுகத்துச் சரக்கு வண்டி போலப் பெட்டிமேல் பெட்டியாக நீண்டு போகும். முடிந்த பிறகு பார்த்தால் அது முழு வசனமாக இருக்கும். ஸ்ட்ராபெரிக்கு அவர்கள் இதயப் பழம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட நாளில், எதிர்ப்பக்கப் பழக்கடைக்குப் போய் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பு எத்தனை பெட்டி இறக்கி விற்றிருப்பேன். ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடை வங்காளி நீர் சிசிலிப் பாஷை படிப்பதாக நினைத்து, தனக்கும் சொல்லித் தரச் சொன்னார். வயதான வாடிக்கைக்காரி ஒருத்தி இது எந்தப் புனிதருக்கான செபம் என்று கேட்டாள். கிட்டத்தட்ட செபம்தான் என்றேன்.

உம்முடைய ஆசிரியை சின்ன வயதில் அந்தப் பாஷை பேசி வளர்ந்தவர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதைப் பேசியதற்காக அடிவாங்கிய தாய், பிள்ளைக்கு அதைக் கொடுக்கவில்லை. இவர் வளர்ந்து பல்கலைக்கழகத்துக்குப் போய், உம்மைப்போலவே தொடக்க வகுப்பில் உட்கார்ந்து, தன் தாயின் பாஷையைப் படித்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று நான் தராசை விட்டுவிட்டு நின்றேன். தாயின் வாயில் இருந்ததை வகுப்பில் தேடி எடுக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்.

பிறகு அந்த வகுப்பு வந்தது. தன்னைத் தானே சொல்லும் பாடம். "பூஷூ" என்று வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, வந்த இடத்தைச் சொல்லி, கடைசியில் "தோடேம்" எதுவென்று சொல்லவேண்டும்; அது குலம். கொக்கு, கரடி, மீன் என்று அவர்களுக்குக் குலங்கள். நீர் பெயரைச் சொன்னீர். இடத்துக்கு யாழ்ப்பாண நகரத்தின் பெயரைச் சொன்னீர். எனக்கும், கோயிலில் எல்லோருக்கும், முப்பது வருடமாக அதைத்தான் சொல்லியிருந்தீர். குலம் என்ன என்று ஆசிரியை கேட்டதும் கணினியின் மூடி படாரென்று விழுந்தது. முகம் கறுத்து வெளியே வந்தீர்.

"இவையளும் கேக்கினம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டீர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் ஆட்கள் ஊர் எது என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரிலே எவடம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வந்தால் சாதி தெரிந்துவிடும், பிறகு கதிரை எங்கே போடுவது என்று தீர்மானிப்பார்கள். பலேர்மோவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தக் கேள்விக்கு ஒளித்துத்தான் நீர் பெரிய பட்டினத்துப் பெயருக்குப் பின்னால் நின்றீர். அதே கேள்வியைத்தான் மருமகனின் தாயிடமும் கேட்டீர்.

நான் உள்ளே போய் மூடியைத் திறந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் இங்கிலீஷ் சந்தை இங்கிலீஷ்; அதிலேயே ஆசிரியையிடம் நேராகக் கேட்டேன். நீங்கள் குலம் கேட்பது எதற்கு? கூட இருக்கலாமா கூடாதா என்று பார்ப்பதற்கா? அவர் திரைக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தன்னுடைய குலத்து ஆள் முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்தாலும் அது தன் சொந்தம், அவருக்குச் சாப்பாடு போட வேண்டியது தன் கடன், அதற்காகத்தான் கேட்பது என்றார். குலம் இல்லாதவர் தன் ஊரைச் சொன்னால் போதும், அவருக்கும் சாப்பாடு உண்டு என்றார்.

உம்மை மீன் கடையின் ஈரத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். சொன்னேன்.

"சாப்பாடு போடுறதுக்கோ?" என்றீர்.

"ஓம்."

தண்ணீர் ஓடுவதைப் பார்த்துச் சொன்னீர்: "எங்கடையாக்கள் சாப்பாடு போடாமல் விடுறதுக்கெல்லோ கேக்கிறவை."

அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு வந்தீர்.

பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் நாள் வந்தது. நீர் மருமகனுக்கு, கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு, அந்தப் பாஷையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர். அவன் தாய்க்குக் காட்டினான். தாய்தான் உம்மையும் கூப்பிடச் சொன்னாராம். சடங்கைப் படம் பிடிக்கக் கூடாது என்பதால், விருந்துச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்தது. நீர் சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து இருந்தீர். திரையில் வெள்ளைத் தலைமுடியோடு உம்முடைய சம்பந்தி. "பூஷூ," என்று தொடங்கினீர். பெயர். பிறகு இடம்.

யாழ்ப்பாண நகரத்தை நீர் சொல்லவில்லை. கடற்கரையோரத்து உம்முடைய சொந்த ஊரின் பெயரைச் சொன்னீர். நான் பிறந்த இடத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிற நம்மவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு பெயரை ஒரு மனிதன் அவ்வளவு தெளிவாக உச்சரித்து நான் கேட்டதில்லை. வாசலில் மிளகாய்த்தூள் கேட்டு வந்தவரைக் கையால் மறித்து நிறுத்திவிட்டேன்.

மன்னிப்பு வசனத்தை எத்தனை நாள் பாடமாக்கினீர். பாதிவரை சொன்னபோதே அந்த அம்மா இடைமறித்து, அந்த ஊர் கடலோரமா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினீர். அவருடைய தகப்பன் பனிக்கட்டிக்குக் கீழே ஏரியில் வலை விரித்தவராம். அதற்குப் பிறகு இருவரும் வலையைப் பற்றித்தான் கதைத்தீர்கள், இங்கிலீஷில், கைகளால். கடைசியில் திரைக்குள் மகளின் முகம் வந்தது. வளர்ந்த பிள்ளை, கையில் கைக்குழந்தை.

"பப்பா, முடி வெட்டேல்லையோ?" என்றாள். அவ்வளவுதான். நீர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பாஷையில் எழுதுவது?

வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்த கடதாசி பொலிஸ் கந்தோரான கொஸ்தூராவிலிருந்து வந்தவுடன் நீர் கனடாவுக்குப் போவதாக இருந்தது. அதற்குள் தை மாதக் குளிரில், சிஞ்ஞோரா வீட்டுப் படிக்கட்டில், உம்முடைய இதயம் நின்றுவிட்டது.

மகள் பிள்ளையோடு வந்தாள். கூடவே அந்த அம்மாவும் வந்தார். சுவாமியார் செபத்தை முடித்து, எல்லோரும் திரும்பத் தொடங்கியபோது, அவர் மட்டும் உம்முடைய குழிக்குப் பக்கத்தில் போய், ஒரு சிட்டிகைப் புகையிலையை மண்ணில் வைத்து, மெதுவாகப் பேசினார். நம் சனம் விழித்துக்கொண்டு நின்றது. எனக்கு விளங்கியது. பூஷூ. தன் பெயர். தான் வந்த ஊர். தன் குலம். உம்மை நேரில் காணாதவர் அல்லவா, அதனால் தன்னை உமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். செத்துப்போனவரிடம் முதல் பாடத்திலிருந்து தொடங்கும் மரியாதையை நான் அதுவரை கண்டதில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பிக் காத்து நின்றார். வியாபாரி நான், என்னைப் பற்றிக் கேட்டால் எதிர்க்கேள்வி போட்டே பழகியவன். அன்று முடியவில்லை. உம்முடைய வகுப்பில் ஒட்டுக்கேட்ட பாஷையில், பிழையான உச்சரிப்பில், என் பெயரைச் சொன்னேன். "நிந்தோன்ஜிபா" என்று, நான் வந்த இடத்தையும் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை நடந்தார்.

ஐசே, எனக்கு அந்தப் பாஷையில் அந்த நாலு வசனத்துக்கு மேல் தெரியாது. வகுப்பில் சேரும் வயதும் இல்லை. ஆனால் நேற்று ஒருவர் கடைக்கு வந்தார். புதிதாக வந்தவர், மன்னார்ப் பக்கம் போலிருந்தது, வேலைக்கு வழி கேட்டு. தன்னைச் சொல்ல வாயெடுத்துத் தயங்கினார். நான் முந்திக்கொண்டு என் பெயர், ஊர், ஊரிலே எவடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கேள்வி வரப்போகிறது என்று அவர் தோள் இறுகியதைக் கண்டேன்.

"சாப்பிட்டனீரோ?" என்று மட்டும் கேட்டேன்.