உப்பு வாளியும் கறுப்புக் கோடும்

இன்று காலை புது உப்பு வாளியின் மூடியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் உங்கள் ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்ததில் ஒரு நகம் உடைந்தது. வெள்ளைத் தூள் மூக்கில் ஏறி இரண்டு தும்மல். ஒரு கணம் சனிக்கிழமை என்றே நினைத்துவிட்டேன். இன்று புதன்.

இந்த வாளியை வாங்கப் போன கதையைக் கேளுங்கள். கடல் மீன் தொட்டிக்கு உப்பு வேண்டும் என்றதும் கடைக்காரர் இரண்டு வாளிகளைத் தூக்கி வைத்தார். ஒன்று மீனுக்கு மட்டும் போதுமானது. இன்னொன்று பவளத்துக்கும் சேர்த்து, சுண்ணாம்புச் சத்து கூடியது. எட்டு வருடம் இந்த உப்போடு குடித்தனம் நடத்தியும் எனக்கு வாளியின் நிறம்தான் நினைவில் இருந்தது. நீலம் என்றேன். இரண்டுமே நீலம். "உங்க வீட்டுக்காரரு பவள உப்புதான் வாங்குவாரு" என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லவும் வேண்டுமா?

கடலே இல்லாத ஈப்போவில், அதுவும் புந்தோங் வரிசை வீட்டு ஹாலில், சோபா போட வேண்டிய இடத்தில் கடலைக் கொண்டு வந்து வைத்தவர் நீங்கள். பாகான் டத்தோவிலிருந்து கடல் தண்ணீரையே பிடித்து வரக்கூடாதா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அங்கே கரையெல்லாம் சேறு, என் பிள்ளைகள் தாங்காது என்பீர்கள். பிள்ளைகள் இல்லாத நம் வீட்டில் அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொல்வீர்கள்.

வாரம் முழுக்கத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே வாடகை அறை. சனிக்கிழமை ரயில் இறங்கி வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் தொட்டி முன் குனிந்து நிற்பீர்கள். பிறகு நான் துணி ஊறவைக்கும் வாளி பறிபோகும். வடிகட்டிய தண்ணீரை முதலில் நிரப்பி, சின்ன பம்ப் சுழலச் சுழல, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவீர்கள். தெளிந்ததும் ஒரு சொட்டை உப்பு அளக்கும் கருவியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடி அளவு பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு இதை ஊற்றுவீர்கள். கோயிலுக்குப் போவதென்றாலும் அதன் பிறகுதான்.

மற்ற நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் தலையில். கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தீர்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊற்ற வேண்டும். இதைச் சொல்லத் தினமும் சாயங்காலம் போன். "கோடு வரைக்கும் வெறுந்தண்ணி மட்டும் ஊத்து. தண்ணிதான் காயும், உப்பு எங்கயும் போவாதுலா." எட்டு வருடமும் இதே பாட்டு. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நான் சாப்ட்டேனான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்றேன். "சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டீர்கள். மறுநாளும் கோட்டைப் பற்றித்தான் பேச்சு.

நீங்கள் போன பிறகு நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணனின் தொட்டி காயக்கூடாது என்று உங்கள் தம்பி தினமும் உப்பைக் கரைத்துக் கோடு வரை ஊற்றியிருக்கிறார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஹாலுக்கு வந்தால், பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகின்றன. ஒரு கண்ணை மூடிக் கருவியில் பார்த்தேன். உப்பு எங்கேயோ ஏறி நின்றது. இவையும் உங்களோடு போய்விடப் போகின்றன என்று தோன்றியது. அத்தனை பேர் முன்னால் தம்பியைப் பார்த்துக் கத்தினேன். "தண்ணிதான் காயும் தம்பி, உப்பு எங்கயும் போவாதுலா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பிறகு அவரும் நானுமாக, தினம் ஒரு ஜக் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு ஜக் வெறுந்தண்ணீர் ஊற்றி, பத்து நாளில் உப்பை இறக்கினோம். பெரிய பவளம் வெளுத்துப் போய்விட்டது. மற்றவை விரிந்துவிட்டன, மீன்கள் பிழைத்துவிட்டன. இதை உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நீங்கள் இல்லை என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

போன வாரம் பாகான் டத்தோவில் ஒரு கல்யாணம். தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மண்டபத்தில் இலை முன் உட்கார்ந்த பிறகும் மனம் கேட்கவில்லை. போனை எடுத்து, கோடு வரைக்கும், வெறுந்தண்ணி மட்டும், உப்பு எங்கயும் போவாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"காலையிலேருந்து இங்கதான் இருக்கேன் அண்ணி," என்றார் தம்பி. "சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேக்கலியே."

"சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

இலையில் சோறு அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று பக்கத்து இலை அம்மா கேட்டார். சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்றேன்.