பறக்கும் நேரம், போய்ச்சேரும் நேரம்

இன்று அலுவலகத்தில் பிரின்ரர் பழுதாகிவிட்டது. வெகுநாட்களுக்குப் பிறகு கையால் விமான ரிக்கெற் எழுதினேன். தாளின் பின்பக்கத்துச் சிவப்புக் கார்பன் விரல் நுனியெல்லாம் ஒட்டிக்கொண்டது. கழுவப் போனபோது உன் நினைவு வந்தது. லீவில் வரும்போதெல்லாம் என் மேசைக்கு முன்னால் வந்திருந்து, "என்னடி, மருதோண்டி போட்டனியோ?" என்று கேட்பாய்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரே பேஸ்மன்ற் அறையில் இருந்தவர்கள் நாம். நான் இந்தப் பயண முகவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நீ ஒரு கடையில் கணக்குப் பார்க்க, கனடாவின் வடக்குப் பனிநிலத்தில் இருக்கும் இக்காலுவிட்டுக்குப் போனாய். குளிரைப் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது என்றாய். பிறகு உன் அம்மா மாப்பிள்ளை பார்த்தார். இனுவிக்கில் மின்வேலை செய்பவர். "ரெண்டு பேரும் நோர்த்திலைதானே, பக்கத்திலை பக்கத்திலை" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருவரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

நீதான் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய். ஒன்று கிழக்கு அந்தத்தில், மற்றது மேற்கு மூலையில். இக்காலுவிட்டுக்கு ரொறன்ரோவை விட இனுவிக் தூரம். நேராகப் பறந்தால் நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்றேன்.

"பறக்கிறதை விடடி. போய்ச்சேர எவ்வளவு நேரம்?"

நேரடி விமானம் கிடையாது. இடையில் இறங்கி மாறி, யெலோநைஃபில் தங்கிப் போக வேண்டும். இரண்டு நாள், அதுவும் காலநிலை விட்டால். அம்மா கலியாணத்தை நிறுத்தலாம் என்றார். சண்டைக்குள்ளே கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போன ஆட்களுக்கு இரண்டு நாள் ஒரு தூரமோ என்று நீ அவர் வாயை அடைத்தாய்.

கலியாணத்துக்குப் பிறகும் ஆளுக்கொரு திசையில் வேலை. சந்திப்பதெல்லாம் ரொறன்ரோவில், என் வீட்டில். இருவரும் ஒரே நாளில் வந்து இறங்கும்படி நான் ரிக்கெற் போடுவேன்; பனிப்புயல் அதைக் குழப்பிவிடும். ஒரு நத்தார் விடுமுறையில் நீ திரும்பும் நாளில்தான் அவர் வந்து சேர்ந்தார். எயார்போர்ட் கோப்பிக் கடையில் நீங்கள் இருவரும் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்ததைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரே விமானத்தில் நீங்கள் சேர்ந்து ஏறியதே இல்லை.

பிறகு ஒருநாள் ஃபோனில் இனுவிக்குக்கு ரிக்கெற் கேட்டாய். திரும்பும் திகதியைக் கேட்டேன். "திரும்பிறேல்ல. வேலையை விட்டிட்டன்" என்றாய். உன் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டு குளிர்காலம் ஒரே வீட்டில் இருந்தீர்கள். உனக்கு மூளையில் இரத்தம் கசிந்ததென்று அவர் எனக்குச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. இறுதிக் கிரியை ரொறன்ரோவில். உன்னைக் கொண்டுவரும் பயண ஒழுங்கை என்னிடமே கேட்டார். யெலோநைஃப், எட்மன்டன், இரவுத் தங்கல் என்று சொல்லிவிட்டு, கெதியாக வர வேறு வழி தேடட்டோ என்றும் கேட்டேன்.

"வேண்டாம். எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்லை," என்றார். "இந்தமுறை ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வாறம்."

அந்த ரிக்கெற்றையும் கையால்தான் எழுதினேன்.

இப்போதும் யாராவது வந்து, எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், "பறக்கவோ, போய்ச்சேரவோ?" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலருக்கு எரிச்சல் வருகிறது. அதைக் கேட்காமல் ரிக்கெற் எழுத எனக்கு வருவதில்லை.