புளிக்காத சோறு

நாள் 61 / 18:20 / தானிய அறை

இன்று சுடலைமுத்து அண்ணனிடம் சொல்லாதது: காலையில் வடித்த சோற்றுக்கு மாலையில் தண்ணீர் ஊற்றியது தாமதம்.

காலையில் நிலவின் தரை நடுங்கியதில், தானிய அறைக்கும் வசிப்பறைக்கும் நடுவிலுள்ள கதவு கோணித் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் தானியக் காப்பாளரான நான், இறுக மூடிய அரிசிக் கலன்கள், ஒரு கேன் தண்ணீர். அந்தப் பக்கம் நிலையப் பொறியாளரான அவர், மின்சாரம் போன அடுப்பு, இருவருக்குமாக வடித்த ஒரு பானைச் சோறு; உண்ண அதைத் தவிர வேறொன்றுமில்லை. அங்கே குளிரூட்டியும் நின்றுவிட்டது. வெப்பம் முப்பத்தெட்டு. மீட்பு வண்டி வர நான்கு நாளாகும்.

வானொலியில் அவர்: “சோத்துக்குத் தண்ணி ஊத்திட்டேன் ஜெஸிந்தா. காலைல பழைய சோறு. உன் பங்கத் தனியா மூடி வச்சிருக்கேன், கதவு தொறந்ததும் தாரேன்.”

அந்தக் குரலின் நிம்மதியைக் கலைக்க மனம் வரவில்லை. கெட்டால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கலனைத் திறந்து அரிசியைக் கடித்தேன். படக்கென்று உடைந்தது. ஈரம் ஏறவில்லை, பூஞ்சை இல்லை. ஊறவைத்து மென்றேன்.

நாள் 62 / 07:05

“புளிச்ச வாடையே இல்ல பாத்துக்கோ. இப்பதான் வடிச்ச மாதிரி கெடக்கு. நிலாவுல சோறு கெடாது போல. திங்கப் போறேன்.”

அப்போதுதான் உறைத்தது. இதைக் கண்டெடுப்பவருக்காக எழுதுகிறேன். எங்கள் குடிநீரில் கிருமி நீக்க வெள்ளி கலந்திருக்கிறது. ஊரில் பழைய சோற்றைப் புளிக்கவைத்துக் காக்கும் நல்ல கிருமிகள் இதில் பிழைக்காது. ஆனால் அரிசியோடு வரும் இன்னொரு கிருமி கொதியையும் தாங்கி உறங்கும், வெதுவெதுப்பில் விழித்துப் பெருகும். தண்ணீர் ஊற்றும் முன்பே, நேற்றுப் பகல் முழுக்க, சோற்றில் நஞ்சை விட்டிருக்கும். அந்த நஞ்சுக்கு வாடை இல்லை. சுடவைத்தாலும் போகாது.

“அண்ணே, தின்னாதீங்க. கொட்டிருங்க. நேத்தே சொல்லிருக்கணும்.”

“ஏட்டி, எங்கம்மை மூணு நாள் சோத்தப் போட்டு வளத்த ஒடம்பு இது. நீ புஸ்தகத்த வச்சிருக்க, நான் பசிய வச்சிருக்கேன்.”

“இன்னும் மூணு நாள் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடந்தா சாவ மாட்டீங்க. கெஞ்சிக் கேக்கேன்.”

“சரி சரி. அழாத. கொட்டுதேன்.”

நாள் 62 / 13:30

ஒலிவாங்கியை அணைக்க மறந்திருக்கிறார். பானையில் கரண்டி உரசுகிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கழுவுதேன்ட்டி.”

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

நாள் 62 / 18:00

அண்ணனுக்கு வாந்தி. நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்ததும் வெளியே வந்துவிடுகிறது.

அரிசி அள்ளும் முகவையால் கதவை நெம்பினேன். முகவை வளைந்தது. கதவு அசையவில்லை.

“வாயுதான், ஒண்ணுமில்ல. உன் பங்கத் தொடல பாத்துக்கோ.”

“அதையாவது கொட்டுங்கண்ணே.”

“கோவிச்சுக்காத. நீ அங்க பச்சரிசியக் கடிச்சிட்டுக் கெடக்க. எப்படிக் கொட்டுவேன்?”

நாள் 63 / 09:15

கண் மஞ்சளாக இருக்கிறதாம். கண்ணாடியில் பார்த்தாராம். கேலியாகத்தான் சொன்னார். “மஞ்ச பூசின மாப்பிள்ள மாதிரி இருக்கேன்.” பிறகு என்னை வேறு யார் பெயராலோ கூப்பிட்டார். சரி என்று பதில் சொன்னேன்.

மீட்பு வண்டியில் வருபவர்களிடம் விரைவாக வரச் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் விரைவு இல்லை என்கிறார்கள்.

நாள் 64 /

மூச்சு கேட்கிறது. பேசிக்கொண்டே இருக்கிறேன். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. கலன்களைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் காய்ந்திருக்கிறது அண்ணே, ஒரு மணிகூடக் கெடவில்லை, வந்து

நாள் 65 / 16:40

கதவை வெட்டித் திறந்தார்கள். சுடலைமுத்து அண்ணன் நேற்றே இறந்துவிட்டார். பானை காலியாக இருந்தது. பக்கத்தில், தட்டால் மூடிய கிண்ணத்தில் என் பங்கு இருந்தது. முகர்ந்து பார்த்தேன். இப்போதுதான் வடித்ததுபோல இருந்தது.