வெள்ளையாக விட்ட பகுதி

மார்ச் 4

இன்று நூலகத்தில் சோதனை. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் நிலத்தடி நீரில் எங்கே எவ்வளவு என்ற ஒரே விவரத்தை ஒரு படத்தில் நிறம் பூசியும், ஒன்றில் வட்டம் போட்டும், ஒன்றில் புள்ளி வைத்தும் காட்டியிருக்கிறேன். மக்கள் எதைச் சரியாகப் படிக்கிறார்களோ அதை அலுவலகம் அச்சடிக்கும். வட்டங்களைப் பார்த்த ஒரு தையல்காரர், "இதெல்லாம் குளமா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி: "இதில் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பீர்கள்?" நிறம் பூசிய படத்தில் பாதிப் பேருக்கு மேல் வெள்ளைப் பகுதியைத் தொடுகிறார்கள். அங்கே இன்னும் தண்ணீரே எடுத்துப் பார்க்கவில்லை, அதனால்தான் வெள்ளை. 'விவரம் இல்லை' என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. ஓரத்தை யார் படிக்கிறார்கள்?

எல்லோரும் "சரியா சொன்னேனா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக் கூடாது. சொன்னால் வெளியே காத்திருப்பவர்கள் காதுக்குப் போய்விடும். சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுக்க வேண்டும்.

மார்ச் 6

அக்கா பாப்பாவோடு நூலகத்துக்கு வந்தாள். வீடு தேடி அலைந்து கால் தேய்ந்துவிட்டது என்று ஒரே புலம்பல். சோதனைக்கு ஆள் குறைகிறதே என்று அவளையும் உட்காரவைத்தேன். கடைசிக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை, வெள்ளையில் விரலை வைத்தாள். "இங்கதான். பளிச்சுனு இருக்கு பாரு. சரியாடி?"

சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மார்ச் 9

மேலாளரிடம் வெள்ளையைப் பற்றிச் சொன்னேன். "விவரம் இல்லைனு போட்டிருக்கோம்ல? படிக்காம விட்டா நாம என்னம்மா பண்றது?" நிறம் பூசியதுதான் எடுப்பாக இருக்கிறதாம், அதுவே அச்சுக்குப் போகுமாம். அப்புறம் எதற்கு இந்தச் சோதனை?

மார்ச் 17

அக்கா போன் செய்தாள். புது வீட்டுக்குக் குடிவந்து நான்கு நாளாகிறதாம். எந்தப் பகுதி என்று கேட்டேன்.

"நீ காட்டின படத்துல வெள்ளையா இருந்துச்சே, அங்கதான். கிணத்துத் தண்ணி, எந்நேரமும் வருது."

வெள்ளை என்றால் நல்லது என்று இல்லை, யாருக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம் என்றேன்.

"காய்ச்சித்தானே பாப்பாவுக்குப் பால் கலக்கறேன்."

காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அதையும் சொன்னேன். "அன்னிக்கே உன்னைக் கேட்டேனே" என்றாள்.

ஆமா, கேட்டா. கேட்டதுக்குச் சிரிச்சேன்ல நான் — சொந்த அக்காகிட்ட என்ன ரூல்ஸ் எனக்கு?

மார்ச் 18

லீவு போட்டுவிட்டு, கேன் தண்ணீரோடு போனேன். கைக்குழந்தைக்கு நைட்ரேட் ரத்தத்தில் ஏறினால் உதடும் நகமும் நீலமாகும். பாப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் தூக்கிப் போனோம், ரத்தம் எடுத்திருக்கிறார். அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரும்போது கிணற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன்.

மார்ச் 19

ரத்த முடிவு நாளைக்குத்தான். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20

பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. கேன் தண்ணீரை மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 25

தண்ணீர் முடிவு வந்தது. ஒரு குழாயை வைத்து முழுப் பகுதிக்கும் நிறம் பூசக் கூடாதுதான். பூசினேன். இருப்பதிலேயே அடர்ந்த பழுப்பு, நைட்ரேட் மிக அதிகம் என்பதற்கான நிறம். அதை மேலாளர் மேசையில் வைத்து, "என் அக்கா வீடு சார்" என்றேன். அச்சை நிறுத்தச் சொன்னார். மீதி வெள்ளைக்கெல்லாம் 'விவரம் இல்லை' என்று தெரியச் சாய்கோடு போட்டு மறுபடி சோதிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 2

அக்கா இன்னும் என் போனை எடுப்பதில்லை.

மறுபடி நூலகம். புதுப் படத்தோடு ஒப்பிடப் பழையதையும் காட்ட வேண்டும். முதலில் வந்தவள் மடியில் கைக்குழந்தை. பழைய படத்தில் வெள்ளையைத் தொட்டு, "சரியாக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். "அங்க நாங்க இன்னும் பாக்கவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெளியே போய்க் காத்திருந்தவர்களிடம் சொல்வது இங்கே கேட்டது. இன்றைய தாள்கள் எதையும் இனிக் கணக்கில் சேர்க்க முடியாது. எழுந்து போய் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.