இடுப்பில் கட்டிய பறி

பழவேற்காடு,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

குணசுந்தரி எழுதுவது. நானும் நம் பாப்பா அனிதாவும் நல்ல சுகம். மஸ்கட்டில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்தல்லவா கேட்கிறார்கள்! போன வாரம் நான் உங்களைத் திட்டியதற்கு யாரோ சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. இஸ்மாயில் பாய் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார். அவர் கையில் இதையும் கொஞ்சம் இறால் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை அறைக்காரர்களுக்குக் கொடுங்கள். கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலைக்குப் பெண்களையும் எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் அமைந்துவிட்டால், இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனிக்காரன் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு வந்துவிடுவேன் என்றீர்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் தண்ணீரில் இறங்கினேன். நீச்சல் தேர்வு ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. முடிவை இப்போது சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல், நான் பட்ட பாட்டை முதலில் படியுங்கள்.

பிறந்ததிலிருந்து ஏரியில் கிடப்பவளுக்கு நீச்சல் பழக வேண்டுமா என்றுதான் இருந்தேன். இஸ்மாயில் பாயின் மகள் அஃப்ரீன் சென்னையில் விளையாட்டுப் படிப்பு முடித்து வந்திருக்கிறாளே, அவள் ஒரு நாள் கரையில் நின்று நான் நீந்துவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லா மெதக்கிறக்கா, ஆனா வேகம் எங்க கீது? நீ போறதுக்குள்ள முழுவுறவன் முழுவிப் பூடுவான்" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு என்ன அவசரம்? நாம் தண்ணீரில் மெதுவாகப் போய்த்தானே பழக்கம்.

மறுநாள் ஒரு சாமான் கொண்டுவந்தாள். இடுப்பில் கட்ட ஒரு பட்டை, பின்னால் ஒரு கயிறு, கயிற்று நுனியில் குட்டிக் குடை மாதிரி ஒரு துணி. நீந்தும்போது அது விரிந்து நம்மைப் பின்னால் இழுக்கும். அந்த இழுப்பை மீறி நீந்திப் பழகினால், கழற்றியதும் வேகம் தானாக வருமாம். முன்னால் போகிறவளைப் பின்னால் இழுக்க இப்படி ஒரு சாமான் எதற்கு, என் வீட்டுக்காரரின் அக்கா ஒருத்தி போதாதா என்று கேட்டேன். அஃப்ரீன் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. இதை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, முதல் நாள் கை இரண்டும் கழன்று போகும் போல இருந்தது. சாயந்தரம் சோறு பிசைய முடியவில்லை. பாப்பாதான் ஊட்டிவிட்டாள். நாலு நாள் பழகுவதற்குள் அந்தக் குடை சிப்பியில் மாட்டிக் கிழிந்துபோனது. இன்னொன்றுக்கு எங்கே போவது என்று நான் விழித்தேன். பிடித்த இறாலைப் போட்டு வைக்கிற நம் பனையோலைப் பறி கரையில் கிடந்தது. அதைக் காட்டி, இறாலோடு இதையே இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்து என்றாள் அஃப்ரீன். அது எனக்குப் பிடித்துப்போனது. வழக்கம் போல பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவுவேன். பறி நிறைந்ததும் கயிற்றை இடுப்புக்கு மாற்றி, கரை வரைக்கும் நீந்தியே வருவேன். வேலையும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு.

ஒரு நாள் வருகிற வழியில் இடுப்பு திடீரென்று லேசானது. ஆகா, நமக்கு வேகம் வந்துவிட்டது என்று பெருமையோடு கை வீசிக் கரைக்கு வந்தேன். வந்து பார்த்தால் பறியே இல்லை! முடிச்சு அவிழ்ந்து, அன்றைக்குப் பிடித்த இறால் எல்லாம் பறியோடு ஏரிக்கே திரும்பிப் போயிருந்தது. அன்றிலிருந்து புதுப் பறிக்கு இரட்டை முடிச்சு. அதிலும் நம்பிக்கை இல்லாமல், இழுப்பு கொஞ்சம் குறைந்தாலும் உடனே திரும்பிப் பார்ப்பேன்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பறியைக் கழற்றிவிட வேண்டும், வெறும் இடுப்போடு நீந்திப் பழக வேண்டும் என்று அஃப்ரீன் படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் வெள்ளை இறால் நன்றாக விழுகிற நேரம் மாமா, எப்படி மனசு வரும்? அவளுக்குத் தெரியாமல் சனிக்கிழமை வரை பறியோடுதான் நீந்தினேன்.

தேர்வு முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், ஏரியில்தான் நடந்தது. சிவப்புக் கொடி கட்டிய படகைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். விசில் ஊதினார்கள். நான் போன வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது! எனக்கு முன்னால் யாருமே இல்லை. படகைச் சுற்றிப் பாதி தூரம் வந்திருப்பேன். அப்போது பார்த்து இடுப்பு லேசாக இருப்பது உறைத்தது. ஐயோ, பறி போச்சே! அப்படியே நின்று, திரும்பி, இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவ ஆரம்பித்துவிட்டேன். ஊரே பார்க்கிறது. கரையிலிருந்து அஃப்ரீன் தொண்டை கிழிய, "பறி வூட்ல கீதுக்கா! நீ வா!" என்று கத்தினாள். அதற்குள் இரண்டு பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள். பின்னாலேயே கோட்டைக்குப்பத்து ஜமுனா. அப்புறம் நான் நீந்தியது எனக்கே தெரியாது. கரையில் நட்டிருந்த கம்பை ஜமுனாவுக்கு ஒரு கை முன்னால் தொட்டேன். மூன்றாவது ஆள் நான்தான். ஆமாம் மாமா, வேலை கிடைத்துவிட்டது!

கூத்து இனிமேல்தான். தேர்வு நடத்திய அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். இவ்வளவு பெரிய போட்டியிலும் பின்னால் வருகிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நின்று பார்த்தாளே, இந்த வேலைக்கு வேண்டிய மனசு இதுதான் என்று சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். நான் இறாலைத் தேடினேன் என்று எந்த வாயால் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். அஃப்ரீன் துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பாவம், தனக்காகத்தான் நின்றேன் என்று நம்பி ஜமுனா என் கையைப் பிடித்துக் கண் கலங்கினாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்து மடவை மீன் வந்தது. திருப்பி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? குழம்பு வைத்தோம், ருசியாகத்தான் இருந்தது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வேலை கிடைக்க, இப்போது என்னோடு அவளும் பறி கட்டி நீந்துகிறாள்.

ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். மஞ்சள் சட்டையும் விசிலும் கொடுத்திருக்கிறார்கள். விசில் பாப்பாவிடம் இருக்கிறது. நான் இட்லிக்குத் தண்ணீர் வைத்தாலும் ஊதுகிறாள், வைக்காவிட்டாலும் ஊதுகிறாள். உங்கள் அக்கா வந்தால் இரண்டு தடவை ஊதுகிறாள். "நைனா வர்ற அன்னிக்கி இன்னா செய்வே?" என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஊதிக்கொண்டு வருவாளாம்.

பறி பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும் என்கிறாள் அஃப்ரீன். இன்னொரு பழக்கம் நீங்கள் போனதிலிருந்தே என்னை விடவில்லை. தண்ணீரில் இறங்கினாலும், கடைத்தெருவிலிருந்து வந்தாலும், பின்னால் உங்கள் சத்தம் இல்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். "அவரு வூட்லதான் கீறாரு, நீ வா!" என்று கரையிலிருந்து கத்துவதற்கு எனக்கு யாரும் இல்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் மாமா. நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குணசுந்தரி